ஒரு கெண்டை மூன்று சோல்

ஜூன் 13, போ

பிரான்சில் பிரனீஸ் மலையடிவாரத்தில் உள்ள இந்த ஊரின் பெயரைத் தமிழில் எழுத வேண்டுமானால் ‘போ’ என்றுதான் எழுத முடியும். “போவுக்குப் போகிறேன்” என்று புதுச்சேரியில் இருக்கும் அக்காவிடம் தொலைபேசியில் சொன்னபோது, “போறேன்னு ஒரு தடவ சொன்னா போதாதா, ஏன்டா ரெண்டு தடவ சொல்ற?” என்று கேட்டார். நான் இங்கே வந்ததற்குக் காரணம், இந்த ஊர்க் கோட்டையில் 1553 டிசம்பர் 13 அன்று பிறந்து, முதலில் நவார் என்ற சிறு நாட்டுக்கும் பிறகு பிரான்சுக்கும் மன்னரான நான்காம் ஆன்ரி. இன்னும் சரியாகச் சொன்னால் மன்னர் அல்ல, அவர் எழுதிய கடிதங்கள்.

அவற்றை பெர்ஜே தெ சிவ்ரே என்ற அறிஞர் தொகுத்து 1843-இல் அச்சேற்றத் தொடங்கினார். அவருக்குப் பின் குவாதே என்பவர் அந்த வேலையைத் தொடர்ந்து 1876-இல் ஒன்பதாம் தொகுதியோடு முடித்தார். பள்ளியில் கற்ற பிரெஞ்சையும் ஓர் அகராதியையும் துணைக்கு வைத்துக்கொண்டு, இரண்டு ஆண்டுகளாக இரவு உணவுக்குப் பிறகு நாளுக்கு ஒரு கடிதம், இரண்டு கடிதம் என்று அலைபேசித் திரையில் படித்து வந்தேன். கடிதங்களில் வரும் ஊர்களில் சிலவற்றையாவது நேரில் பார்த்து, அந்தந்தக் கடிதத்தை அங்கேயே அமர்ந்து ஒருமுறை வாசிக்க வேண்டும் என்ற ஆசை எப்போது திட்டமாக மாறியது என்று நினைவில்லை.

கோட்டையில் எல்லோரும் பார்க்க வருவது ஒரு ஆமை ஓட்டை. அதுதான் குழந்தை ஆன்ரியின் தொட்டில் என்கிறார்கள். ஈட்டிகளும் கொடிகளும் சூழ, வெள்ளை இறகு சூடிய தலைக்கவசத்தின் கீழே ஏதோ உற்சவ மூர்த்தியைப் போல அதை அலங்கரித்து வைத்திருக்கிறார்கள். பிறந்த குழந்தையின் உதட்டில் தாத்தா பூண்டைத் தேய்த்து, இந்த வட்டாரத்து ழுரான்சோன் ஒயினில் ஒரு துளி வைத்தார் என்ற கதையையும் வழிகாட்டி சொன்னார். நம்மூரில் சேனை வைப்பதைப் போன்ற சடங்குதான்; சர்க்கரைத் தண்ணீருக்குப் பதில் பூண்டும் ஒயினும் என்பது மட்டுமே வித்தியாசம். வழிகாட்டி பேசிய வேகத்தில் பாதிதான் எனக்குப் பிடிபட்டது.

என் குடிமக்கள் ஒவ்வொருவர் வீட்டுப் பானையிலும் ஞாயிற்றுக்கிழமை ஒரு கோழி வேக வேண்டும் என்று மன்னர் சொன்னதாக ஒரு வாசகம் உண்டு. ஊரிலுள்ள உணவகங்களில் பாதி அந்த வாசகத்தை வைத்தே பிழைக்கின்றன. அவர் இறந்து அரை நூற்றாண்டு கழித்து, 1661-இல் பெரெஃபிக்ஸ் என்ற ஆயர் எழுதிய வரலாற்று நூலின் வழியாகத்தான் அது ஊர் முழுக்கப் பரவியது. மன்னர் பெயரால் வழங்கும் கடிதங்களில் வரும் பானையோ வேறு விதமானது. அமைச்சர் சுல்லி தம் நினைவுக் குறிப்புகளில் சேர்த்திருக்கும் 1596-ஆம் ஆண்டுக் கடிதத்தில், தம் சட்டைகள் எல்லாம் கிழிந்துவிட்டன, மேலங்கி முழங்கையில் ஓட்டையாகிவிட்டது, தம் பானை அடிக்கடி கவிழ்ந்து கிடக்கிறது, இரண்டு நாட்களாக யார் யார் வீட்டிலோ சாப்பிடுகிறேன் என்று மன்னர் புலம்புகிறார். அந்தப் பானையின் பெயரில் எந்த உணவகமும் இல்லை.

நான் கோழியை விட்டுவிட்டு 14 யூரோவுக்குக் கார்பூர் வாங்கினேன். முட்டைக்கோஸ், வெள்ளை மொச்சை, வாத்திறைச்சி எல்லாம் சேர்ந்து கரண்டி நிமிர்ந்து நிற்கும் அளவுக்குக் கெட்டியான சூப் அது. எதிர் மேசையில் தனியாக அமர்ந்திருந்த முதியவர், நான் கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்ததைப் பார்த்துவிட்டு, அனுமதியெல்லாம் கேட்காமல் எழுந்து வந்து, தம் சீசாவிலிருந்து இரண்டு விரல்கடை சிவப்பு ஒயினை அந்த மிச்சத்தில் ஊற்றி, கிண்ணத்தைக் கையில் எடுத்து அப்படியே குடிக்கும்படி சைகை காட்டினார். இதற்கு ‘ஷாப்ரோ’ என்று பெயராம். கடைசி ரசத்தைக் கையில் ஏந்திக் குடித்து வளர்ந்தவனுக்கு இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது? குடித்து முடித்ததும் அவர் தலையசைத்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் தம் இடத்திற்குத் திரும்பிவிட்டார்.

மலைகளைப் பார்ப்பதற்கென்றே கட்டிய நீண்ட வீதியில் மாலை முழுவதும் நடந்தேன். மேகம் விலகவில்லை. பிரனீஸ் அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்பதை அறிவிப்புப் பலகையைப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

ஜூன் 15, போர்தோ ரயில் நிலையம்

லா ரொஷேலுக்குப் போக வேண்டிய இணைப்பு ரயில் ரத்தாகிவிட்டது. காரணம் சொல்லவில்லை. வெயில் 34 டிகிரி. காய்ந்த ரொட்டிக்குள் ஒரு துண்டு பாலாடைக்கட்டியை வைத்து 7 யூரோ வாங்கினார்கள். மூன்று மணி நேரம் நடைமேடையில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்ததில், என் பயணத் திட்டத்தில் இருந்த ஒரு பிழையைக் கண்டுபிடித்தேன்.

இந்தப் பயணத்தின் மையம் ஒரே ஒரு கடிதம். 1586 ஜூன் 17 அன்று, கொரிசாந்த் என்று அழைக்கப்பட்ட தியான் தாந்துவான் என்ற பெருமாட்டிக்கு ஆன்ரி எழுதியது. அப்போது அவர் நவாரின் மன்னர் மட்டுமே. புரொட்டஸ்டண்டுகளின் தலைவராகப் போர்க்களத்தில் அலைந்துகொண்டிருந்தார். அந்த அம்மையாரோ கணவரை இழந்தவர், நிறையப் படித்தவர். மொந்தேன் தம் கட்டுரை நூலில் ஓர் அத்தியாயத்தையே அவருக்குக் காணிக்கையாக்கியிருக்கிறார். கடிதம் முழுக்க மரான் என்ற சதுப்புநிலத் தீவைப் பற்றியது. அதனால் ஜூன் 17 அன்று மரானில் இருந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நாட்களை அமைத்திருந்தேன்.

இன்று முதல் வரியை நிதானமாகப் படித்தபோதுதான் தெரிந்தது, “நேற்றிரவு மரானிலிருந்து வந்து சேர்ந்தேன்” என்று அவர் எழுதியிருக்கிறார். ‘மரானுக்கு’ என்று இரண்டு ஆண்டுகளாக நான் தப்பாகப் படித்திருக்கிறேன். ஒரே ஒரு சிறு சொல். ஆக, 17-ஆம் தேதி அவர் அங்கே இல்லை. ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்பி, அதை நினைத்தபடி எழுதியிருக்கிறார். நடைமேடையிலேயே திட்டத்தை மாற்றினேன்: 16 அன்று மரான், 17 அன்று லா ரொஷேலில் இருந்தபடி வாசிப்பு. ரயில் ரத்தாகாமல் இருந்திருந்தால் இது என் கண்ணில் பட்டிருக்காது.

ஜூன் 16, மரான்

லா ரொஷேலிலிருந்து பேருந்தில் வந்தேன். இறங்கும்போது மணி இரண்டே கால். பிரான்சின் சிற்றூர்களில் மதிய உணவுக்கு ஒரு முகூர்த்த நேரம் உண்டு என்பதும், இரண்டு மணி தாண்டினால் அடுப்பு அணைந்துவிடும் என்பதும் எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் கோட்டை விட்டேன். ஆற்றங்கரை உணவகத்தின் பெண்மணி மிகுந்த மரியாதையோடு, “மன்னிக்க வேண்டும் ஐயா, முடிந்துவிட்டது” என்று சொல்லிக் கதவருகே வந்து வழியனுப்பினார். உள்ளே பத்துப் பேர் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ரொட்டிக் கடையில் ஒரு பிரியோஷ் கிடைத்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கூடையில் முட்டைகள் இருந்தன. இவ்வளவு அடர்ந்த நிறத்தில் நான் முட்டையைப் பார்த்ததே இல்லை: சாக்லேட் நிறம், சிலவற்றில் இன்னும் கறுத்த புள்ளிகள். மரான் கோழி என்ற இனம் இந்த ஊரின் பெயரைத்தான் உலகெங்கும் கொண்டுபோயிருக்கிறது. ஆறு முட்டை 3 யூரோ. பச்சை முட்டையை வைத்துக்கொண்டு ஒரு பயணி என்ன செய்வான் என்று நான் யோசிப்பதைப் பார்த்த கடைக்காரம்மா, உள்ளே போய்த் தமக்கென்று வேகவைத்து வைத்திருந்த இரண்டை உப்போடு கொண்டுவந்து கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். ஓட்டை உரித்தால் உள்ளே வழக்கமான வெள்ளைதான். ஏனோ சின்ன ஏமாற்றம்.

ஊரின் நடுவே செவ்ர் நியோர்த்தேஸ் ஆறு கலங்கல் பச்சையாக, ஓடுகிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாதபடி கிடக்கிறது. கடிதத்தில் அவர் எழுதியது அதேதான்: இது ஆறே அல்ல, கால்வாய். ஐம்பது டன் கப்பல்கள் வந்து போனதாக அவர் சொல்லும் துறையில் இன்று உல்லாசப் படகுகள் கட்டிக் கிடக்கின்றன. ஊரை விட்டு வெளியே அரை மணி நேரம் நடந்தேன். தீவைக் காணவில்லை. கோதுமையும் மக்காச்சோளமும் கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையாக விரிந்து கிடக்கின்றன. இடையிடையே மட்டம் பார்த்து வெட்டிய வடிகால்கள்.

அந்தத் தீவைக் கரையேற்றும் வேலைக்கு ஆணையிட்டவரும் அவர்தான். பிரான்சின் மன்னரான பிறகு 1599-இல், நாட்டின் சதுப்புநிலங்களை வடிக்கும் பொறுப்பை ஹம்ஃப்ரி பிராட்லி என்ற அணைக்கட்டு வல்லுநரிடம், ஹாலந்துப் பக்கத்திலிருந்து வரவழைத்து ஒப்படைத்தார். வடித்து முடிக்கப் பல தலைமுறைகள் ஆயின என்றாலும் தொடக்கம் அந்த ஆணைதான். காதலிக்கு எழுதும்போது படகில் மட்டுமே போகக்கூடிய ஆயிரம் தோட்டங்களைப் பாடியவர், கருவூலத்தைப் பார்த்தபோது அதே நிலத்தில் கோதுமையைக் கண்டார். இதற்காக அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் வெயிலில் நிழலே இல்லாத அந்த வயல் பாதையில் நடந்தபோது ஒரு வருத்தம் இருந்தது.

திரும்பி வருவதற்குள் கடைசிப் பேருந்து போய்விட்டது. நிறுத்தத்தில் நின்ற என்னைக் கடந்து போன சிறிய சரக்கு வண்டி ஒன்று நூறு அடி தள்ளி நின்று, பின்னோக்கி வந்தது. ஓட்டியவர் விவசாயி. எதற்காக இந்த ஊருக்கு வந்தேன் என்று கேட்டார், சொன்னேன். சிறிது நேரம் மௌனமாக ஓட்டிவிட்டு, “கெண்டை மூன்று சோல், அதுதானே?” என்றார். அந்தக் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்தாராம்; சோல் என்பது மன்னர் காலத்துக் காசு.

ஜூன் 17, லா ரொஷேல்

காலையில் பழைய துறைமுகத்தின் இரு கோபுரங்களுக்கு எதிரே கல் திண்ணையில் அமர்ந்து கடிதத்தை வாசித்தேன். அதன் நடுப்பகுதியைத் தமிழாக்கி அக்காவுக்குக் குரல்பதிவாகவும் அனுப்பினேன். என் தமிழில் அது ஏறக்குறைய இப்படி வந்தது:

“அங்கே உங்களை எவ்வளவு நினைத்துக்கொண்டேன்! உங்கள் மனத்துக்கு இவ்வளவு ஒத்த இடத்தை நான் பார்த்ததில்லை. மரம் அடர்ந்த சதுப்பு சூழ்ந்த தீவு. நூறு தப்படிக்கு ஒரு கால்வாய், விறகு ஏற்றிவரப் படகு போவதற்கு. தெளிந்த நீர், மெல்லிய ஓட்டம். படகுகள் எல்லா அளவிலும் உண்டு. வாசலில் இருந்தே தம் சிறு படகில் ஏறாத வீடு இங்கே குறைவு. எத்தனை வகைப் பறவைகள் பாடுகின்றன! அவற்றின் இறகுகளை உங்களுக்கு அனுப்புகிறேன். மீனைப் பற்றிக் கேட்டால், அதன் அளவும் பெருக்கமும் விலையும் நம்ப முடியாதவை: பெரிய கெண்டை ஒன்று மூன்று சோல், ப்ரோஷே மீன் ஐந்து சோல்.”

ஊர் போவைப் போலவே குடியிருக்க வசதியானது என்று இடையில் ஒரு வரி. வேறு ஊரில் நின்றுகொண்டு சொந்த ஊரோடு ஒப்பிடாத பயணி யார்! அமைதிக் காலத்தில் இங்கே இன்பமாக இருக்கலாம், போர்க் காலத்தில் பாதுகாப்பாக இருக்கலாம் என்று சற்றுப் பின்னால் படைத்தலைவர் பேசுகிறார். உண்மையில் அவர் மரானுக்குப் போனதே காவல் ஏற்பாடுகளைப் பார்க்கத்தான். வேலைக்குப் போன இடத்தில் மீன் விலை விசாரித்திருக்கிறார்.

கடிதத்தின் முடிவில், தம் விசுவாசம் வெண்மையானது, கறையற்றது, அதற்கு நிகர் எதுவும் இருந்ததில்லை என்று சத்தியம் செய்கிறார். அதற்கு அடுத்த ஆண்டே இதே லா ரொஷேலில், எஸ்தேர் ஆம்பேர் என்ற பெண் அவருடைய மகனைப் பெற்றெடுத்தார். வெண்மை, கறை என்ற சொற்களை அவர் எந்த அகராதியில் பார்த்தாரோ தெரியாது. பறவைகளைப் பற்றியும் கால்வாய்களைப் பற்றியும் எழுதியதில் ஒரு பொய்யும் இல்லை என்று நேற்றுதான் ஓரளவு சரிபார்த்திருந்தேன். தம்மைப் பற்றி எழுதத் தொடங்கியதும் கை வழுக்கிவிடுகிறது.

அங்காடியில் சோல் மீன் கிலோ 35 யூரோ. பிரெஞ்சில் மன்னர் காலத்துக் காசுக்கும் இந்த மீனுக்கும் பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோல ஒலிப்பதைச் சொல்லி மீன்காரரைச் சிரிக்க வைக்கலாம் என்று முயன்றேன். என் உச்சரிப்பில் நகைச்சுவை கரையேறவில்லை. கெண்டை இருக்கிறதா என்று கேட்டதற்கு, அதையெல்லாம் இப்போது யார் சாப்பிடுகிறார்கள் என்று கையை விரித்தார்.

ஜூன் 18, கூலோன்

மன்னர் பார்த்த மரானின் சாயல் எங்காவது மிஞ்சியிருக்கிறதா என்று கேட்டபோது, எல்லோரும் ஆற்றோட்டத்துக்கு எதிர்த்திசையில் நியோர் நகருக்கு அருகிலுள்ள இந்த ஊரைச் சொன்னார்கள். வடிக்கப்படாத சதுப்பு இங்கே இன்னும் இருக்கிறது. தட்டையான அடிப்பலகை கொண்ட படகில், நீண்ட கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டு ஓர் இளைஞர் என்னையும் ஒரு குடும்பத்தையும் ஒரு மணி நேரம் அழைத்துப் போனார்.

நீரின் மேல் பாசிப்பயறு அளவுகூட இல்லாத சிறு சிறு இலைகள் இடைவெளியின்றிப் படர்ந்திருந்தன. படகு போன இடத்தில் கறுப்பாக ஒரு கோடு திறந்து, நாங்கள் பத்தடி நகர்வதற்குள் மீண்டும் பச்சையாக மூடிக்கொண்டது. இருபுறமும் கிளைகளை வெட்டி வெட்டித் தலை பருத்த மரங்கள் கரையை வேரால் இறுகப் பிடித்து நின்றன. ஒரு திருப்பத்தில் இளைஞர் படகை நிறுத்தி, கழியால் அடிச்சேற்றைக் கிளறினார். குமிழிகள் பொங்கி வந்தன. குனிந்து தீமூட்டியைக் காட்டியதும் தண்ணீரின் மேல் மஞ்சளும் நீலமுமாக ஒரு தீ ஒரு கணம் ஓடி அணைந்தது. மட்கிய இலைகளிலிருந்து வரும் மீத்தேன் வாயு. குழந்தைகள் கத்தினார்கள், நானும் கொஞ்சம் கத்தியிருக்கலாம். சுற்றுலாப் பயணிகளுக்காக ஒரு நாளைக்கு இருபது முறை செய்யும் வித்தைதான் என்றாலும், நெருப்பு தண்ணீரில் ஓடுவதைப் பார்க்கும்போது அதெல்லாம் நினைவுக்கு வருவதில்லை.

இறங்கும் இடத்தில் புல் மேல் ஒரு சாம்பல் நிற இறகு கிடந்தது. நாரையுடையது என்றார் இளைஞர். குறிப்பேட்டுக்குள் வைத்துக்கொண்டேன். மாலையில் கொட்டிய மழையில் குறிப்பேடு நனைந்து, மரானில் எழுதிய இரண்டு பக்கம் மையாகக் கரைந்தது. இறகுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஜூன் 20, பாரிஸ்

பாரிசைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பார்க்க வந்தது ஃபெரோன்ரி தெருவின் தரையில் பதித்த ஒரு கல்லை மட்டுமே. 1610 மே 14 அன்று வைக்கோல் வண்டி ஒன்றும் ஒயின் வண்டி ஒன்றும் வழியை மறிக்க, மன்னரின் வண்டி இந்தக் குறுகிய தெருவில் நின்றது. அந்த நெரிசலில் ராவயாக் என்பவன் ஏறிக் குத்தினான். இன்று கல்லைச் சுற்றி உணவக நாற்காலிகள். நான் நின்ற பத்து நிமிடத்தில் பொருள் இறக்கும் வண்டி ஒன்று தெருவை அடைத்துக்கொள்ள, பின்னால் நின்றவர்கள் விடாமல் ஒலி எழுப்பினார்கள்.

பழைய புத்தகக் கடையொன்றில் கடிதத் தொகுதிகளில் ஒன்று தனியாகக் கிடைத்தது. இரண்டு கையாலும் தூக்க வேண்டிய பருமன். விலை 60 யூரோ. கிரியோன் என்ற வீரருக்கு எழுதிய கடிதத்தைத் தேடிப் பார்த்தேன். “தூக்கில் தொங்கு, வீர கிரியோன்! ஆர்க்கில் நாங்கள் போரிட்டோம், நீ அங்கே இல்லை” என்பது பிரெஞ்சுக்காரர்கள் மனப்பாடமாகச் சொல்லும் வரி. அது பின்னாளில் எழுத்தாளர் வோல்தேர் சுருக்கி அழகுபடுத்தியது. உண்மைக் கடிதம் 1597 செப்டம்பர் 20 அன்று அமியான் முற்றுகையிலிருந்து எழுதப்பட்டது; ஆர்க் போர் முடிந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. போன திங்கட்கிழமை நடந்த அருமையான சண்டைக்கு நீங்கள் வராமல் போனதற்குத் தூக்கு மாட்டிக்கொள்ளுங்கள் என்று, விருந்தைத் தவறவிட்ட நண்பரைக் கேலி செய்யும் தொனியில், மரியாதைப் பன்மையிலேயே எழுதியிருக்கிறார். பெயரையும் ‘Crillon’ என்று ஒழுங்காக எழுதாமல், முதலெழுத்தை மாற்றி ‘Grillon’ என்று எழுதிவிட்டிருக்கிறார். எனக்கு வோல்தேரின் முழக்கத்தைவிட இந்தக் கேலிதான் பிடிக்கிறது. புத்தகத்தை வாங்கவில்லை, பெட்டியின் எடை நினைவுக்கு வந்தது.

ஜூன் 21, சென்-தெனி

“பாரிசுக்காக ஒரு பூசை தகும்” என்று அவர் சொன்னதாக உலகம் முழுக்கத் தெரியும். அப்படி அவர் சொன்னதற்குச் சான்று இல்லை. புரொட்டஸ்டண்டு மதத்தைக் கைவிட்டு இந்தத் தேவாலயத்தில் கத்தோலிக்கராக மாறிய 1593 ஜூலை 25-க்கு இரண்டு நாள் முன்பு, காப்ரியேல் தெஸ்த்ரே என்ற காதலிக்கு அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. “ஞாயிற்றுக்கிழமைதான் அந்தக் குட்டிக்கரணத்தை அடிக்கப்போகிறேன்” என்கிறார். இதை எழுதும் இந்த நேரத்தில் நூறு தொல்லைக்காரர்கள் தம் தோள்மேல் ஏறி நிற்பதாகவும், நீங்கள் மாந்த் நகரை வெறுப்பது போல நான் சென்-தெனியை வெறுக்கும்படி செய்துவிடுவார்கள் என்றும் எழுதுகிறார். ஒரு நாட்டின் மதப் போரைத் திருப்பிவிட்ட நாளைப் பற்றிய கடிதம், தூங்கவிடாத விருந்தாளிகளைப் பற்றிய முறையீடாக இருக்கிறது.

அவருக்குச் சிற்பம் வைத்த கல்லறை எதுவும் இங்கே இல்லை. 1793-இல் புரட்சிக்காரர்கள் மன்னர்களின் சவப்பெட்டிகளைத் தோண்டி எடுத்தபோது அவர் உடலும் வெளியே வந்தது. பின்னாளில் திரட்டிய எலும்புகளை எல்லாம் நிலவறையில் ஓரிடத்தில் சேர்த்து, கறுப்புப் பலகைகளில் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். அவர் பெயரைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு பள்ளிக்கூடமே படியிறங்கி வந்தது. முப்பது பிள்ளைகள், ஓர் ஆசிரியை, நிலவறையின் எதிரொலி. நான் சுவரோரம் ஒதுங்கி நின்று அந்தக் கடிதத்தை மறுபடி திறந்தேன்.

அப்போதுதான் அக்காவின் பதில் வந்தது. நான்கு நாட்களுக்கு முன் அனுப்பிய குரல்பதிவை இன்றுதான் கேட்டிருக்கிறார். காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

“கேட்டேன்டா. நல்லா வாசிக்கிற. ஆனா கடலு ரெண்டு எட்டுல இருக்குங்கற ஊர்ல போயி எவனாவது கெண்ட வாங்குவானா? முள்ளு முள்ளா இருக்கும். அந்தம்மாவுக்கு எறகு அனுப்பினானே, மீன அனுப்பினானா? இங்க பெரிய மார்க்கெட்ல வஞ்சிரம் வாங்கற மாதிரியா இருக்கு… சரி, எனக்கு எறகெல்லாம் வேணாம், அந்தக் கருப்பு முட்ட கெடச்சா எடுத்துட்டு வா.”